தரை தொடும் நொடி: பாராசூட் பழகும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

விழுப்புரம் மாவட்டம் காணைப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பம்புசெட்டுத் தொட்டி மேலேறிக் கழனியில் குதிப்பது விளையாட்டு. பாராசூட்டில் இறங்கும்போதும் காலில் விழுவது ஏறக்குறைய அதே அடிதான். பயிற்சிக்கான வட்டக்குடை நொடிக்குச் சுமார் 5 மீட்டர் வேகத்தில் தரை தொடும். ஒன்றேகால் மீட்டர் சுவரிலிருந்து குதிப்பதற்கு அது சமம். காற்று பக்கவாட்டில் இழுத்தால் அடி இன்னும் பலமாகும்.

அதனால்தான் ஆக்ரா பாராசூட் பயிற்சிப் பள்ளியில், விமானம் ஏறும் முன் தரையிலேயே விழப் பழக்குகிறார்கள். இரு கால்களும் ஒட்டியிருக்க வேண்டும். முழங்கால் சற்றே மடங்க வேண்டும். பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கம் என அடி வரிசையாகப் பிரிந்து போக வேண்டும். குனிந்து பார்த்துக் காலை நீட்டினால் கணுக்கால் முறியும். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும்.

குதிக்கும் முன்

2014 பிப்ரவரியில் சேலத்தில், பாராசூட் சரியாக விரியாமல் பெங்களூருப் பெண் ஒருவர் உயிரிழந்தார். ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள்: தரைப் பயிற்சி எத்தனை மணி நேரம்? மாற்றுக்குடை உண்டா? காற்று எவ்வளவு வீசினால் நிறுத்துவீர்கள்? காப்பீடு, ஆம்புலன்ஸ் உண்டா? 2022 தேசிய வான் விளையாட்டுக் கொள்கையில் ஸ்கைடைவிங்கும் அடங்கும். அதனால் பதிவுச் சான்றையும் காட்டச் சொல்லுங்கள்.

அடிபட்டால்

முதுகு வலித்தால் எழுப்பி உட்கார வைக்காதீர்கள். அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். கால் ஊன்ற முடியாவிட்டால் சுளுக்கு என்று நீவிவிட ஓட வேண்டாம். முதலில் எக்ஸ்ரே. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில்தான் இருக்கிறது. விபத்துப் பதிவேட்டு நகல், ரசீது, படங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

உரிமை

“எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல” என்ற தாளில் கையெழுத்திட்டுவிட்டோமே என்று முடங்கிவிடாதீர்கள். நடத்தியவரின் அலட்சியத்துக்கு அந்தத் தாள் காவல் நிற்காது. காசு வாங்கிப் பயிற்சி தந்தது தனியார் நிறுவனமானால், 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். வேறு ஊரில் விழுந்திருந்தாலும், நீங்கள் வசிக்கும் விழுப்புரத்திலேயே மனு போடலாம். நுகர்வோர் உதவி எண் 1915. அலட்சியத்தால் காயம் என்றால் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் தரலாம். இலவச சட்ட உதவிக்கு 15100. என்.சி.சி. பயிற்சியில் அடிபட்டவர்கள், உதவித்தொகைக்குத் தங்கள் பட்டாலியன் அலுவலகத்தை உடனே அணுகுங்கள்.

வானில் பறக்க ஆசைப்படும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். ஆனால், “பொறுப்பல்ல” என்ற அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி, முழுக்கப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.