புண்கட்டு மாற்றுதல்

புண்ணைக் கட்டுவதினும் அக்கட்டை அவிழ்த்து மாற்றுவதே கருத்தோடு செய்யத்தக்கது. 1865ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் காலெலும்பு முறிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு, ஜோசப் லிஸ்டர் என்னும் மருத்துவர் கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியை இட்டுக் கட்டினார். இத்தகைய புண் சீழ்பிடித்துக் காலையே வெட்டி நீக்க நேர்ந்த காலம் அது. சிறுவனோ நலமுற்று நடந்தான். அவ்வமிலம் இன்று புண்ணுக்கு இடப்படுவதில்லை; தூய்மை என்னும் நெறியே நிலைத்துள்ளது.

கட்டு மாற்றுவோர் முதற்கண் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதல் வேண்டும். துணி புண்ணில் ஒட்டியிருப்பின் வெடுக்கென இழுத்தலாகாது. புதிதாய் வளர்ந்த மென்தசையும் உடன் பெயர்ந்துவிடும். கொதித்து ஆறிய நீரால் நனைத்து மெல்ல எடுத்தல் வேண்டும். பழந்துணியைத் தொட்ட கையை மீண்டும் கழுவிய பின்னரே புதுத்துணியைத் தொடலாம். பலரும் மறப்பது இதனையே. புண்ணில் மண்ணை அப்புவோரும் உளர்; மண்ணில் உறையும் கிருமியே உயிர்குடிக்கும் ரணஜன்னிக்கு வித்தாகும். புண்ணைச் சுற்றிச் சிவந்து வீங்கினும், சீழ் நாறினும், காய்ச்சல் காணினும் மருத்துவரிடம் செல்லக் காலந்தாழ்த்தலாகாது.