மாடியில் ஆங்கிலம், கீழே தமிழ்: ஏ.கே. ராமானுஜன்

ஏ.கே. ராமானுஜன் 1929-ல் மைசூரில் ஒரு தமிழ் ஐயங்கார் குடும்பத்தில் பிறந்தவர். கணிதப் பேராசிரியரான அப்பாவோடு மாடியில் ஆங்கிலம், கீழே அம்மாவோடு தமிழ், தெருவில் கன்னடம். கவிதை எழுதியது ஆங்கிலத்திலும் கன்னடத்திலும். தமிழ் வீட்டுப் பேச்சோடு சரி. சங்கத் தமிழ் படித்ததில்லை.

1962-ல், சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போன புதிது. பழந்தமிழுக்கு ஓர் எளிய இலக்கணம் தேடி நூலகத்தின் அடித்தளத்துக்கு இறங்கியவர் கையில் கிடைத்தது, உ.வே.சா. 1937-ல் பதிப்பித்த குறுந்தொகை! அதிலிருந்து மொழிபெயர்த்த பாடல்கள் 1967-ல் 'தி இன்டீரியர் லேண்ட்ஸ்கேப்' என்று நூலாச்சு.

பெரிய சிக்கல், வாக்கிய அமைப்பு. தமிழில் அடைகள் முன்னால வரும், வினை பெரும்பாலும் கடைசியில். ஆங்கிலம் கிட்டத்தட்ட தலைகீழ். குறுந்தொகையில் பல பாட்டு ஒரே நீள வாக்கியம் வேற. சொல்லுக்குச் சொல் மாத்தினா பாட்டு செத்துடும். அதனால வரிகளை உடைச்சு, உள்ளே தள்ளி, படிக்கட்டு மாதிரி அடுக்கினார். காட்சி ஒவ்வொண்ணா விரியும் அனுபவம் ஆங்கிலத்திலும் கிடைச்சது.

சொந்த மரபுகூட பிறப்புரிமையா வந்துடாது, உழைச்சுத்தான் மீட்கணும் என்பது அவர் கருத்து. வீட்டில் தமிழ் பேசறோம், அதனாலேயே குறுந்தொகை நம்முடையதுன்னு இருக்கற நமக்குத்தான் இது கொஞ்சம் சுருக்குன்னு தைக்கும்.