முதலில் கொரியமா, சீனமா? முதல் தலைமுறை மாணவர்களுக்கான ஒரு கணக்கு

கொரிய மொழியை முதலில் கற்பதா, சீன மொழியை முதலில் கற்பதா என்ற கேள்வி இன்று நம் கல்லூரி விடுதிகளிலும் கேட்கப்படுகிறது. கொரியத் தொடர்களைக் கைப்பேசியில் பார்த்துப் பழகிய தலைமுறை ஒருபுறம். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆலைகளில் கொரிய, தைவான் நிறுவனங்களுக்கு வேலைக்குப் போகும் தலைமுறை மறுபுறம். பல நேரங்களில் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தாம். ‘எது பிடிக்கிறதோ அதைப் படியுங்கள்’ என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அப்பதில் போதும். ஓராண்டு வீணானால் அவர் வேறொன்றைத் தொடங்கிக்கொள்வார். உதவித்தொகை கைக்கு வந்தால்தான் தேர்வுக் கட்டணம் செலுத்த முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கு ஓராண்டின் மதிப்பு வேறு. ஆகவே இதை விருப்பத்தின் கேள்வியாக மட்டும் கொள்ளாமல், நேரம், பணம், பயன் ஆகியவற்றின் கணக்காகவும் அணுகுகிறோம்.

இவ்விரு மொழிகளும் சம அளவு கடினமானவை என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம் இரண்டுக்குமே 2,200 வகுப்பு மணி நேரம், அதாவது 88 வாரங்கள், தேவை என்று வகுத்திருப்பதே இதற்கு ஆதாரம். அந்தக் கணக்கு ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அதிகாரிகளுக்காகப் போடப்பட்டது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர் அந்த அளவுகோலை அப்படியே ஏற்கத் தேவையில்லை.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ‘நான் பள்ளியில் புத்தகத்தைப் படித்தேன்.’ கொரியத்திலும் சொற்கள் இதே வரிசையில்தான் நிற்கும். ‘இல்’, ‘ஐ’ போன்ற உருபுகள் பெயர்ச்சொல்லுக்குப் பின்னே ஒட்டும். வினை இறுதியில் வரும். சீனத்திலோ ‘நான் – இல் – பள்ளி – படி – முடிந்ததைக் காட்டும் குறி – ஒரு புத்தகம்’ என்று அமையும். இன்னும் நுட்பமான ஒற்றுமைகளும் உள்ளன. ‘சாப்பிட்டுப் பாருங்கள்’ என்கிறோம். இங்கே ‘பார்’ என்பதற்குக் கண்ணோடு தொடர்பில்லை, முயன்றறிதல் என்பதே பொருள். கொரியர்கள் ‘மொகோ பொசேயோ’ என்பார்கள். ‘மொகோ’ என்றால் சாப்பிட்டு, ‘பொசேயோ’ என்றால் பாருங்கள். ஆங்கிலம் வழியாகக் கொரியம் கற்பவருக்கு இதைத் தனிப் பாடமாக விளக்க வேண்டும். தமிழருக்கு ஒரு வரி போதும். அதனால் ஆங்கில விளக்கங்களை மனப்பாடம் செய்வதைவிட, கொரிய வாக்கியத்தை நேரே தமிழில் பெயர்த்துப் பார்த்துக் கற்பதே விரைவான வழி.

எழுத்திலும் நமக்கு ஒரு சலுகை உண்டு. ‘பல்’ என்பதில் வரும் பகரமும் ‘அம்பு’ என்பதில் வரும் பகரமும் ஒலியில் வேறு, எழுத்தில் ஒன்று. சொல்லின் தொடக்கத்தில் வல்லோசை, நடுவில் மென்மை. கொரியத்தின் சாதாரண வல்லெழுத்துகளும் ஏறக்குறைய இப்படியே நடந்துகொள்கின்றன. அடிப்படை எழுத்துகள் 24. உயிரும் மெய்யும் சேர்ந்து ஒரு கட்டமாக நிற்கும் முறை, உயிர்மெய் அறிந்தவருக்குப் புதிதன்று. ஒரு வாரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. நிலா, மகள், முகமூடி ஆகிய மூன்றையும் குறிக்கும் கொரியச் சொற்கள் தொடக்கத்தில் நம் காதுக்கு ‘தல்’ என்று ஒன்றாகவே விழும். ஒன்று இயல்பாக, ஒன்று இறுக்கமாக, ஒன்று மூச்சுக்காற்றோடு ஒலிப்பது. இந்த வேறுபாடு பிடிபடச் சில மாதங்களாகும்.

(‘அம்மா’, ‘அப்பா’ இரண்டும் கொரியத்திலும் ஏறக்குறைய அப்படியே இருப்பதைக் காட்டி, இரண்டும் ஒரே குடும்பத்து மொழிகள் என்று பேசுவோர் உண்டு. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-இல் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு நூலே எழுதினார். மொழியியலாளர்கள் இந்த உறவை ஏற்கவில்லை. கற்பதற்கு உறவு தேவையுமில்லை. அமைப்பு ஒத்திருப்பதே போதும்.)

சீனத்தின் கணக்கு வேறு. வினைத்திரிபு இல்லை, பால் விகுதி இல்லை, வேற்றுமை உருபு இல்லை. இலக்கணப் பாடம் இலேசாகத் தொடங்கும். பலரும் கடினம் என அஞ்சும் ஒலிகளில் ஒன்று நமக்கு ஏறக்குறைய இலவசமாகவே கிடைக்கிறது: ‘மனிதர்’ என்பதற்கான சீனச் சொல்லின் முதல் ஒலி நம் ழகரத்துக்கு மிக நெருக்கமானது. ஆனால் நான்கு தொனிகள் உண்டு. தொனி மாறினால் பொருள் மாறும். தமிழில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. அடுத்தது எழுத்து. சீன அரசு 2013-இல் வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்துகள். அவற்றுள் அன்றாடப் பயன்பாட்டுக்குரிய முதல் அடுக்கு மட்டும் 3,500. இவற்றை எழுதிப் பழக ஒவ்வொரு நாளும் தனி நேரம் வேண்டும். பகுதிநேர வேலைக்குச் சென்றுகொண்டே படிப்பவர் பின்தங்குவது இங்கேதான். இதிலும் ஓர் உட்கேள்வி உண்டு: சீனத்தில் வழங்குவது எளிதாக்கப்பட்ட எழுத்து, தைவானில் பழைய வடிவம். தைவான் நிறுவனங்களை மனத்தில் வைத்துத் தொடங்குபவர் இதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

எழுத்து கடினமாக இருப்பது யாருக்கு வசதி என்ற கேள்வியை அந்நாடுகளே எதிர்கொண்டிருக்கின்றன. 1930-களில் லூ சுன் உள்ளிட்ட சீன எழுத்தாளர்கள், எளிய மக்கள் படிக்கும்படி சீனத்தை இலத்தீன் எழுத்தில் எழுத வேண்டும் என்று வாதிட்டார்கள். கொரியாவில் இது இன்னும் பழையது. மன்னர் செஜோங் 1443-இல் ஹங்குல் எழுத்தை உருவாக்கி 1446-இல் வெளியிட்டபோது, சீன எழுத்தறியாத மக்கள் தம் எண்ணத்தை வெளியிட முடியாதிருப்பதையே காரணமாகச் சொன்னார். 1444-இலேயே சொய் மான்ரி முதலிய அரசவை அறிஞர்கள் அதை எதிர்த்தார்கள். சீன எழுத்தைக் கைவிடுவது நாகரிகத்தைக் கைவிடுவது என்பது அவர்கள் வாதம். மன்னரின் கருணையை மிகைப்படுத்த வேண்டியதில்லை. அடிமை முறை அவர் ஆட்சியிலும் இருந்தது. ஆனால் எளிய எழுத்தைக் கண்டு யார் அஞ்சினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஹங்குல் அரசாணைகளின் எழுத்தானது 1894-இல். பிறப்பின் அடிப்படையிலான படிநிலையைச் சட்டத்தில் ஒழித்ததும் அதே ஆண்டின் சீர்திருத்தம்தான்.

அதற்குப் பிறகும் கதை முடியவில்லை. 1960-களின் இறுதியில் சியோலின் ப்யோங்ஹ்வா சந்தையில் துணி வெட்டும் தொழிலாளியாக இருந்த ஜொன் தேஇல், தொழிலாளர் பாதுகாப்புக்கு ஒரு சட்டம் இருப்பதை அறிந்து அந்த நூலைத் தேடி வாங்கினார். சீன எழுத்துகள் விரவிய நடையில் அது எழுதப்பட்டிருந்தது. முறையான பள்ளிப்படிப்பு இல்லாத அவரால் எளிதில் படிக்க இயலவில்லை. விளக்கிச் சொல்லத் தமக்கு ஒரு கல்லூரி மாணவர் நண்பராக இருந்தால் நன்றாயிருக்குமே என்று அவர் ஏங்கியது கொரியத் தொழிலாளர் வரலாற்றில் மீண்டும் மீண்டும் பேசப்படும் செய்தி. 1970 நவம்பர் 13 அன்று, அச்சட்டம் ஏட்டளவிலேயே இருப்பதை எதிர்த்துத் தீக்குளித்து இறந்தபோது அவருக்கு வயது 22. அதன் பின்னரே கொரியக் கல்லூரி மாணவர்கள் தொழிற்சாலைகளை நோக்கித் திரும்பினார்கள்.

நம் ஊருக்கு இதில் என்ன தொடர்பு? 2024 ஜூலையில் சாம்சங் நிறுவனத்தின் கொரியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இரண்டே மாதம் கழித்துச் சுங்குவார்சத்திரத்தில் அதே நிறுவனத்தின் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கோரி ஒரு மாதத்துக்கும் மேலாகப் போராடினார்கள். இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது நிறுவனம், இல்லாதது மொழி. கொரியச் சங்கங்களின் அறிக்கைகளைக் கொரியத்திலேயே படித்துத் தமிழில் தரக்கூடியவர்கள் நம்மிடம் எத்தனை பேர்? மொழிபெயர்ப்பாளர் வேலை நிர்வாகத்தின் பக்கம் மட்டும் இருப்பது நல்லதன்று.

கொரியத்தைப் பரிந்துரைக்கும் முன் அதன் கசப்பான பகுதியையும் சொல்லிவிட வேண்டும். கொரிய வாக்கியம் முடியும்போதே, கேட்பவர் பேசுபவருக்கு மேலா, நிகரா, கீழா என்பது வெளிப்பட்டாக வேண்டும். ‘மழை பெய்கிறது’ என்பதற்குக்கூட நண்பரிடம் ‘பீகா வா’, பொதுவான மரியாதையில் ‘பீகா வாயோ’, முறையான சூழலில் ‘பீகா ஓம்னிதா’. மழைக்கும் மரியாதைக்கும் என்ன தொடர்பு என்று ஐரோப்பிய மாணவர் வியப்பார். ‘மழை பெய்யுதுங்க’ என்று கொங்கு நாட்டில் யார் யாரிடம் சொல்ல வேண்டியிருந்தது என்று அறிந்த நாம் வியக்க மாட்டோம். பெக்ஜோங் எனப்பட்ட, கால்நடை அறுக்கும் தொழிலுக்கு ஒதுக்கப்பட்ட கொரியத் தீண்டத்தகாதோர், பிற சாதாரண மக்களின் சிறுவர்களிடமும் பணிவுச் சொல்லில் பேச வேண்டியிருந்தது. அச்சிறுவர்களோ பெக்ஜோங் முதியவரை ஒருமையில் அழைத்தார்கள். நம் பெரியவர்கள் ஊர்த்தெருவில் ‘டா’ போட்டு அழைக்கப்பட்டதற்கு இது வேறொரு மொழியில் எழுதப்பட்ட சாட்சி. சீனத்தில் இப்பளு குறைவு. ‘நீ’ என்ற அதே ஒலியுடைய சொல்லால் கிட்டத்தட்ட எவரையும் அழைக்கலாம். மரியாதை வடிவம் ஒன்று உண்டு, ஆனால் வினையில் ஏதும் மாறாது. விகுதிகளைப் பார்த்துப் பேசிச் சலித்தவருக்கு இது ஆறுதலாகவே இருக்கும்.

அந்தப் பெக்ஜோங் மக்கள் 1923-இல் ஜின்ஜு நகரில் ஓர் உரிமை அமைப்பைத் தொடங்கினார்கள். மகாத் குளப் போராட்டத்துக்கு நான்காண்டுகள் முந்தியது இது. பெயர் ஹ்யோங்பியோங்சா. கொரிய ஒலியை மட்டும் அறிந்தவருக்கு அது ஒரு பெயர். அதன் சீன எழுத்துகளை அறிந்தவருக்கு முதல் எழுத்தில் தராசு தெரியும். இறைச்சி நிறுக்கும் தராசு சமநிலையின் அடையாளமானது புரியும். கொரிய அகராதிச் சொற்களில் பாதிக்கும் மேல் சீன வேர் கொண்டவை. மாணவர் கொரியத்தில் ‘ஹக்செங்’, சீனத்தில் ‘சுவேஷங்’. நூலகம் ‘தோசோக்வான்’, ‘தூஷூகுவான்’. ஒன்றைக் கற்றவருக்கு மற்றதன் சொற்கள் பாதி விலையில் கிடைக்கும். ஆகவே முதலாவது எது என்பது வாழ்நாள் முடிவன்று; ஆனால் இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் இரண்டும் நிற்காது.

நம் மதிப்பீடு இதுதான்: தமிழ்நாட்டுச் சூழலில், குறிப்பிட்ட வேறு நோக்கம் இல்லாதவர் கொரியத்தில் தொடங்கலாம். ஓராண்டு உழைப்புக்குக் கண்ணுக்குத் தெரியும் பலன் அதில் அதிகம். பாதியில் நிறுத்த நேர்ந்தாலும் படிக்கும் திறன் கையில் நிற்கும். கிங் செஜோங் நிறுவனம் இணையத்தில் இலவச வகுப்புகள் வைத்திருக்கிறது. சென்னையில் இன்கோ மையம் கொரியம் கற்பிக்கிறது. கொரிய அரசின் உலகளாவிய உதவித்தொகை, பட்டப்படிப்புக்கு முன் ஓராண்டு மொழிப் பயிற்சியையும் சேர்த்தே தருகிறது. டோபிக் தேர்வில் மூன்றாம் நிலை எட்டிய பின் பட்டப்படிப்பு தொடங்கும். சீன அரசும் உதவித்தொகை தருகிறது. ஆனால் 2020-க்குப் பின் இரண்டாண்டுகளுக்கும் மேலாக இந்திய மாணவர்கள் சீனத்துக்குத் திரும்ப முடியாமல் தவித்ததை மறக்க முடியாது. 2020 தேசியக் கல்விக் கொள்கையின் அயல்மொழிப் பட்டியலில் கொரியம் இருக்க, முந்தைய வரைவில் இருந்த சீனம் நீக்கப்பட்டது. அக்கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பது வேறு. ஒன்றிய அரசின் நிறுவனங்களில் காற்று எப்பக்கம் வீசுகிறது என்பதற்கு அது அடையாளம்.

சீனத்தையே முதலில் எடுக்க வேண்டியவர்களும் உண்டு. மலேசியா, சிங்கப்பூரில் வாழும் தமிழ் இளைஞருக்கு இதில் ஐயமே வேண்டாம். பக்கத்து வீட்டு மொழி அது. பன்னாட்டு உறவுகள், பொருளியல், ஆசிய வரலாறு ஆகியவற்றில் ஆய்வுக்குச் செல்ல விரும்புவோரும் சீனத்தில் தொடங்கட்டும். கொரியம் பேசுவோர் இரு கொரியாக்களிலும் சேர்த்து எட்டுக் கோடிக்குள். சீனத்தின் பரப்பு நூறு கோடியைத் தாண்டியது. இரண்டு மொழிகளிலும் மூன்றாண்டு இளங்கலைப் பட்டப்படிப்பு தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் உள்ளது. பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடும் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. கட்டணம் தனியார் மையங்களோடு ஒப்பிடத்தக்கதன்று. பொது நுழைவுத் தேர்வு வழியே சேர்க்கை. பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ‘கொரியம் படித்தால் கொரியத் தொழிற்சாலையில் வேலை, அரசு விசா’ என்று பணம் கேட்கும் முகவர்களை நம்ப வேண்டாம். கொரிய அரசு 2004 முதல் நடத்தும் வேலை அனுமதித் திட்டம் ஒப்பந்தம் செய்துகொண்ட நாடுகளுக்கு மட்டுமே. இலங்கையும் நேபாளமும் அதில் உள்ளன. மலையகத் தமிழ் இளைஞர் அதற்கு விண்ணப்பிக்கலாம். இந்தியா அப்பட்டியலில் இல்லை. அந்தத் திட்டத்துக்கான மொழித்தேர்வும் கல்விக்கான டோபிக் தேர்வும் வெவ்வேறு. டோபிக் முடிவு இரண்டாண்டுகளுக்கே செல்லும். எனவே எந்த ஆண்டு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்பத் தேர்வுக் கட்டணத்தைச் செலுத்துங்கள்.