கெட்டிக்கிற துப்பாக்கியும் முப்பத்திரண்டு போரும்

அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தையில் கிடாய்களை விற்றுவிட்டு வந்த அக்கா மகன், திண்ணையில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்ததும் கேட்டான்: “மாமா, லைசென்ஸ் எடுத்து ஒரு பிஸ்டல் வாங்கலாம்னு இருக்கேன். பழைய பட்டாளத்து மாடலா இருக்கணும். கையில ஒன்றரை லட்சம் இருக்கு. முதமுதல்ல வாங்குறவன் எதை வாங்கணும்?”

கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். ராத்திரியில் பணத்தோடு வரவேண்டியிருக்கிறது என்றான். அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அவன் கண்ணில் தெரிந்தது. நான் அவனைக் கண்டிக்கவில்லை. அவன் வயதில் எனக்கும் அந்த ஆசை இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு துப்பாக்கியே இருந்தது.

தாத்தாவின் துப்பாக்கி. வடமதுரைக்கும் அய்யலூர்க் காட்டுக்கும் நடுவே எங்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம். கடலை போட்டால் பிஞ்சு பிடிக்கும் நேரம் பார்த்துப் பன்றி இறங்கிவிடும். அதற்காகப் பயிர்க்காவல் லைசென்ஸில் வாங்கி வைத்திருந்த ஒத்தைக்குழல் அது. தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை, கெட்டிக்கிற துப்பாக்கி. குழல் வாயில் மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் திணித்து, மேலே ரவை போட்டு, மறுபடியும் நார் வைத்துக் கம்பியால் இடித்து இறுக்க வேண்டும். பின்னால் முளையில் கேப்பு ஒன்றைச் சொருகிவிட்டால் தயார். ஒரு வேட்டு போட்டால், அடுத்த வேட்டுக்குள் பன்றி பக்கத்து ஊருக்கே போய்விடும். பெரும்பாலும் தாத்தா ரவையே போடமாட்டார். சத்தம் போதும் என்பார்.

அதற்கு மாடல் என்று ஒன்று கிடையாது. யார் செய்தது என்றுகூட யாரும் கேட்டதில்லை. “எந்தத் துப்பாக்கி நல்லது?” என்ற கேள்வியே அன்றைக்கு எங்கள் பக்கம் எழவில்லை. லைசென்ஸ் இருக்கிறதா, இல்லையா என்பதுதான் பேச்சு. முத்திரை குத்திய அந்தப் புத்தகத்தைத் தாத்தா நிலப் பத்திரத்தோடு சேர்த்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். தேர்தல் அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி, ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வருவார். ஓட்டு எண்ணி முடித்த பிறகு போய் மீட்டு வருவார். அந்த வழக்கம் மட்டும் இன்றைக்கும் மாறவில்லை. பல லட்சம் ரூபாய்ப் பிஸ்டல் வைத்திருப்பவரும் தேர்தல் வந்தால் பெரும்பாலும் ஸ்டேஷன் வாசலில் நிற்கத்தான் வேண்டும்.

அந்தப் புத்தகத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. திண்டுக்கல் சீமை துப்பாக்கிக்குப் புதிதல்ல. 1755இல் ஹைதர் அலி திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்து, மலைக்கோட்டையை மையமாக வைத்துத்தான் படை திரட்டினார். விருப்பாச்சி கோபால நாயக்கர் பாளையக்காரர்களை ஒன்று சேர்த்து எதிர்த்து நின்றதும் இதே சீமையில். 1801இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு கம்பெனி அரசு பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது, கோட்டைகளை இடித்தது. அதுவரை காவல்காரன் தோளில் சாதாரணமாகக் கிடந்த பொருள், அன்றிலிருந்து அனுமதி கேட்டு வாங்க வேண்டிய பொருளாயிற்று. 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தபோது இந்தியனுக்குத்தான் லைசென்ஸ் தேவைப்பட்டது, வெள்ளைக்காரனுக்கு இல்லை. அந்த அவமானத்தைக் கண்ட தலைமுறைக்குப் பிறகு வந்தவர் தாத்தா. சுதந்திர நாட்டின் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தன் பெயரில் ஒரு புத்தகம் கிடைத்ததை அவர் பெருமையாக நினைத்ததில் தப்பே இல்லை.

மருமகன் கேட்டது பன்றி விரட்டுகிற ஒத்தைக்குழல் அல்ல. போனில் படம் காட்டினான். நம் பட்டாளத்து அதிகாரிகள் இடுப்பில் பல காலமாக இருந்துவரும் ஒன்பது மில்லிமீட்டர் ஆட்டோ பிஸ்டல், ‘ஒன்று-ஏ’ ரகம். வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்வது. அதன் மூலம் பெல்ஜியத்தில் 1935இல் வெளிவந்த பிரௌனிங் ஹைபவர். ஒரே மேகசினில் 13 தோட்டா. ஜான் பிரௌனிங் என்ற அமெரிக்கர் தொடங்கிவைத்து 1926இல் இறந்துபோக, தியூதோனே செவ் என்ற பெல்ஜியக்காரர் முடித்துக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கனடாவின் இங்கிலிஸ் கம்பெனி சீனப் படைக்காக அதைச் செய்தது. நம்முடையது அந்தக் கனடா வார்ப்பின் வழியில் வந்தது. அழகான கருவிதான், மறுக்கவில்லை. பிடி கைக்குள் வந்து உட்காரும்.

“இதை நீ வாங்க முடியாது மாப்ள” என்றேன்.

பணம் காரணமில்லை. பட்டாளத்துத் தோட்டாவை ஏற்கும் எந்தத் துப்பாக்கியும் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட ரகம். ஒன்பது மில்லிமீட்டர், .380, .455 எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். லைசென்ஸே கையில் இருந்தாலும் சாதாரண ஆளுக்கு இந்த அளவுகள் கிடையாது. அனுமதியில்லாமல் இவற்றை வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறை. கலகக்காரன் பட்டாளத்துக் கிடங்கில் தோட்டாவைத் திருடித் தன் துப்பாக்கியில் போட்டுவிடக் கூடாது என்ற பழைய பயம் இந்த விதிக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. வேறு நாடுகளில் கதை வேறு. அமெரிக்காவில் பட்டாளம் கழித்த ‘1911’ பிஸ்டல்களை ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மிகாமல் குடிமக்களுக்கு விற்க 2018ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டம் வழிவிட்டது. ரஷ்யாவின் டோக்கரேவ், மக்காரோவ், நாகான் எல்லாம் பனிப்போர் முடிந்து கிடங்குகள் திறந்தபோது அங்கே மலிவாக இறங்கின. சிக்கனமாக முதல் பிஸ்டல் தேடுகிறவன் அங்கே அவற்றிலிருந்துதான் தொடங்கினான். இங்கே அந்தக் கதவு கிடையாது. 1980களின் நடுவில் தனியாள் இறக்குமதியும் நின்றுபோனது. அதனால் அதற்கு முன் வந்து சேர்ந்த வால்தரும் வெப்லியும் கைமாறும்போது லட்சங்களில் பேசப்படுகின்றன. மற்ற ஊரில் பழசு என்றால் விலை குறையும், இங்கே ஏறும்.

அப்புறம் என்ன மிஞ்சுகிறது? முப்பத்திரண்டு போர். கடைக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். குழல் அளவு .32. இதில் ஒரு விஷயம் எனக்கு எப்போதும் வியப்பு. சட்டம் தடுக்கிற ஹைபவரைத் தொடங்கியவரும், சட்டம் அனுமதிக்கிற .32 பிஸ்டல் தோட்டாவை 1899 வாக்கில் வடிவமைத்தவரும் ஒரே ஆள், அந்த ஜான் பிரௌனிங்தான். 1911 ஜூன் 17ஆம் தேதி மணியாச்சி ஸ்டேஷனில் வாஞ்சிநாதன் கையில் இருந்ததும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங்தான். தமிழனுக்குப் பெயர் தெரிந்த ஒரே பிஸ்டல் அதுவாகத்தான் இருக்கும்.

முப்பத்திரண்டிலும் இரண்டு வழி உண்டு. ஒன்று, அரசுத் தொழிற்சாலையின் ‘அஷானி’ பிஸ்டல். இன்னொன்று, கான்பூர் ரிவால்வர். இரண்டும் சுமார் ஒரு லட்சம், அதற்கு மேல் வரி. ஜி.எஸ்.டி. வந்தபோது 28 விழுக்காடாக இருந்தது, 2025 செப்டம்பரில் 40 ஆகிவிட்டது. ஒன்றரை லட்சத்தில் பெட்டி, பயிற்சி, தோட்டா எல்லாம் அடங்க வேண்டும் என்றால் கணக்கு இழுக்கும்.

என்னைக் கேட்டால் ரிவால்வர்தான். பட்டாளத்து மாடல் வேண்டும் என்றானே, அந்த ஆசைக்கும் இதுவே பக்கத்தில் வருகிறது. கான்பூர் ரிவால்வரின் உடம்பு, ஆங்கிலப் பட்டாளம் வைத்திருந்த வெப்லி நான்காம் மார்க்கின் வழித்தோன்றல். தாழ்ப்பாளைத் தள்ளினால் குழல் முன்பக்கமாக மடிந்து, உருளை திறந்து, ஆறு அறைகளும் கண்ணுக்கு நேரே தெரியும். முதல் தடவை வாங்குகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. பிஸ்டலில் மேகசினை உருவிய பிறகும் குழலுக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். “காலியாத்தான் இருந்துச்சு” என்று அழுத வீடுகளின் கதை பெரும்பாலும் அந்த ஒரு தோட்டாவின் கதை. ரிவால்வரில் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். பழசாக வாங்கினால் மடிப்புக் கீல் ஆடுகிறதா, குதிரை பின்னால் இழுபட்ட நிலையில் உருளை அசைகிறதா, குழலுக்குள் துருக்குழி விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உருளை ஆடினால், யார் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

2014இல் பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ வந்தது, அரைக் கிலோ எடை, 1,22,360 ரூபாய். டில்லியில் கூட்டு வன்கொடுமைக்கு ஆளாகி இறந்த ‘நிர்பயா’வின் நினைவில் வைத்த பெயர். விலையைப் பார்த்தபோதே, பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் எந்தப் பெண்ணின் கைப்பைக்கும் இது எட்டாது என்று எனக்கு மனசு கசந்தது. 2023 ஆகஸ்டில் ‘பிரபல்’ வந்தது, உருளை பக்கவாட்டில் திறக்கும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அதில் பழைய பட்டாளத்துச் சாயல் இல்லை.

இதெல்லாம் கடைக்குப் போன பிறகு. அதற்கு முன்னால் கலெக்டர் அலுவலகம் இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி விண்ணப்பத்தோடு பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று வேண்டும், துப்பாக்கியைப் பத்திரமாகப் பூட்டி வைக்க இடமிருக்கிறது என்ற உறுதி வேண்டும், போலீஸ் விசாரணை உண்டு, 21 வயது ஆகியிருக்க வேண்டும். உயிருக்கோ உடைமைக்கோ என்ன ஆபத்து என்று கேட்பார்கள். ஆசை அங்கே காரணமாகாது. ஒருவருக்கு மூன்று துப்பாக்கி என்றிருந்ததை 2019இல் இரண்டாக்கினார்கள். அதே திருத்தத்தில் கல்யாணத்திலும் திருவிழாவிலும் வானத்தைப் பார்த்துச் சுட்டால் இரண்டு ஆண்டுவரை சிறை என்றும் எழுதினார்கள். அதற்காக நான் கைதட்டினேன். மேலே போன ரவை எங்கேயோ இறங்கித்தானே ஆக வேண்டும்.

“முதல்ல பூட்டு வாங்கு” என்றும் சொன்னேன். பதினெட்டு கிலோமீட்டரில் திண்டுக்கல் இருக்கிறது. 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு, இரும்புப் பெட்டி செய்கிற கைகள் இருக்கிற ஊர். வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது, துப்பாக்கிக்கு ஒதுக்கிய காசில் முதல் பங்கு பெட்டிக்குத்தான் போக வேண்டும்.

தாத்தா இறந்ததும் லைசென்ஸ் அவரோடு போயிற்று. வாரிசு விண்ணப்பிக்கலாம் என்று விதி இருந்தது, அப்பா விண்ணப்பிக்கவில்லை. துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு காடும் மாறிவிட்டது. 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டக் காடுகள் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே தேவாங்குக்கென்று முதல் சரணாலயம். அதே காட்டில் மருந்துக்கென்று தேவாங்கைப் பிடித்தவர்களைப் பற்றித் தாத்தா வெறுப்போடு பேசுவார். பன்றி இன்னும் இறங்குகிறது, விவசாயியின் வயிற்றெரிச்சல் அப்படியே இருக்கிறது. ஆனால் அதைச் சுடுகிற வேலை விவசாயியுடையது அல்ல. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையே சுடும் என்று 2025 ஜனவரியில் சட்டமன்றத்தில் அமைச்சர் சொன்னார்.

மருமகன் முகம் வாடிவிட்டது. அதனால்தான் மூன்றாவது வழியைச் சொன்னேன். சொல்லியிருக்காவிட்டால் எனக்கே மனசு கேட்டிருக்காது. ஏர் பிஸ்டல். .177 அளவுக்கு மேல் போகாமல், குண்டு வெளியேறும் ஆற்றல் 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் வேண்டியதில்லை. சில ஆயிரங்களில் உள்நாட்டில் செய்தது கிடைக்கிறது. பந்தயத்துக்கு இறங்குகிறவர்கள் வாங்கும் ஸ்டெயரும் மொரினியும் லட்சங்களைத் தொடும், அது பிறகு. பத்து மீட்டரில், 11.5 மில்லிமீட்டர் அகலமுள்ள நடுப்புள்ளி. ஒரு கையால் மட்டும் பிடித்து, 75 நிமிடத்தில் 60 தடவை சுட வேண்டும். மனு பாக்கர் 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் பிஸ்டல் பழுதாகி நொந்து திரும்பியதும், 2024இல் பாரிஸில் வெண்கலம் வாங்கியதும் இதே ஆட்டத்தில். பட்டாளத்து மாடலை இடுப்பில் சொருகிக்கொண்டு திரிபவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் புள்ளியில் ஒன்று வைக்க முடியும் என்று அவனைக் கேட்டேன். பதில் சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து அவன் பண்ணைக்குப் போனேன். கோழி இல்லாமல் காலியாகக் கிடந்த நீளக் கொட்டகையில் பத்து மீட்டர் அளந்து கோடு போட்டிருந்தான். எதிர்ச் சுவரில் மணல் மூட்டைகளை அடுக்கி, முன்னால் இரும்புத் தகடு வைத்த பெட்டி, அதில் அட்டை. யாரும் குறுக்கே வந்துவிடாதபடி கதவுக்கு உள்தாழ்ப்பாள். ஏர் பிஸ்டல் வெளியே எடுக்கும்வரை பெட்டியில் பூட்டோடு இருந்தது, சாவி அவன் அரைஞாணில். பத்துச் சுட்டான். ஏழு கருப்பு வட்டத்துக்குள், மூன்று இடதுபக்கம் கீழே.

“விசையை இழுக்குற. அமுக்கணும்” என்றேன். தாத்தா சொன்ன வார்த்தை.

அவன் அடுத்த அட்டையை மாட்டினான்.