கொட்டைக்கு விலை உண்டு, பழத்திற்கு?

செந்துறை வட்டாரத்துச் செம்மண் கொல்லைகளில் பங்குனி, சித்திரை மாதங்களில் முந்திரிப் பழங்கள் உதிர்கின்றன. கொட்டையைத் திருகி எடுத்ததும் பழம் மரத்தடியிலேயே அழுகிப் போகிறது. ஒரு கிலோ கொட்டைக்கு ஐந்து கிலோவுக்கும் மேற்பட்ட பழம் இவ்வாறு வீணாகிறது. பழத்திற்கு விலை தேடும் விவசாயிகள் இத்தாலி நாட்டுத் திராட்சை விவசாயிகளின் அனுபவத்தை அறிந்துகொள்வது நல்லது. குடிப்பதற்காக அல்ல, விற்கும் வழியைக் கற்பதற்காக.

ஒயின் என்பது திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்துப் பெறும் மது. சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மதுவாக மாற்றுகிறது. இதைக் காய்ச்சி வடிப்பதில்லை.

இத்தாலிய ஒயின் பெயர்கள் புதியவர்களைக் குழப்பும். ஆனால் அடிப்படை எளியது. சில பெயர்கள் ஊரைக் குறிப்பவை. சில திராட்சை ரகத்தைக் குறிப்பவை. பரோலோ என்பது ஊர். அங்கு ஒயினுக்கு உரிய ரகம் நெபியோலோ. கியாந்தி என்பது வட்டாரம். அதன் முக்கிய ரகம் சாஞ்சியோவேசே. 'பார்பெரா தாஸ்தி' என்றால் ஆஸ்தி வட்டாரத்துப் பார்பெரா ரகம். நம் 'கம்பம் பன்னீர் திராட்சை' போன்றதுதான் இது.

இந்தப் பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. கியாந்தியின் எல்லை 1716-லேயே வரையறுக்கப்பட்டது. 1963-ல் இத்தாலி முழுவதற்கும் சட்டம் வந்தது. எந்த வட்டாரம், எந்த ரகம், எவ்வளவு மகசூல், எத்தனை மாதம் முதிர வேண்டும் என்பவற்றை விதிகள் சொல்கின்றன. பரோலோ ஒயின் 38 மாதங்கள் முதிர வேண்டும். அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில். விதியை மீறினால் அந்த ஊர்ப் பெயரைப் போட முடியாது. பெயரைக் காப்பாற்றுவது தரமே.

நம் நாட்டிலும் இவ்வழி திறந்திருக்கிறது. முந்திரிப் பழச்சாற்றிலிருந்து வடிக்கப்படும் கோவாவின் ஃபெனி 2009-ல் புவிசார் குறியீடு பெற்றது. கம்பம் பன்னீர் திராட்சை 2023-ல் பெற்றது.

தமிழ்நாட்டில் உரிமமின்றி மது தயாரிப்பது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். எனவே செந்துறை விவசாயிகளுக்கு ஏற்றது புளிக்காத பழச்சாறே. முந்திரிப் பழத்தில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் 'சி' உண்டு. தொண்டையைக் கமறச் செய்யும் துவர்ப்புப் பொருளை நீக்கினால் போதும்.

அன்றன்று உதிர்ந்த, அடிபடாத பழங்களைக் கழுவிப் பிழிய வேண்டும். இரும்புப் பாத்திரம் கூடாது, சாறு கறுத்துவிடும். லிட்டருக்கு 5 கிராம் ஜவ்வரிசி மாவைச் சிறிது நீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்துச் சாற்றில் கலக்க வேண்டும். துவர்ப்பு கசடாக அடியில் படியும். தெளிவை மட்டும் இறுத்து, துவர்ப்பு மீதமிருந்தால் மீண்டும் ஒருமுறை செய்யலாம். பின் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பானமாக்கலாம். சாறு விரைவில் புளிக்கும். எனவே தாமதம் கூடாது.

விற்பனைக்கு இறங்குமுன் உணவுப் பாதுகாப்புப் பதிவு பெறுவது அவசியம். விருத்தாசலத்திலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையம் முந்திரி ரகங்களை வெளியிட்ட நிலையம். ஆலோசனைக்கு அங்கு அணுகலாம்.

வரும் பருவத்தில் ஒரு கூடைப் பழத்தை வீட்டுத் தேவைக்கே செய்து பார்க்கலாம். சுவை ஒரே சீராக வந்தபின் நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து ஊர்ப் பெயரில் விற்கலாம். ஊர்ப் பெயர் ஒரே நாளில் விலை பெறாது. தரம் தவறாத ஒவ்வொரு புட்டியும் அந்தப் பெயருக்கு உரமாகும்.