பற்படலமும் ரசாயன மருந்தும்

வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பேர்போன சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் பாதை தேயிலைத் தோட்டங்களுக்குள் புகுகிறது. அதே தேயிலைத் தொழிலை நம்பிக் கடல் கடந்து இலங்கை மலைநாட்டில் குடியேறிய தமிழரின் வாய்களிலிருந்துதான், பல்லைத் துலக்காமல் விட்டால் ஈறு என்ன கதிக்கு ஆளாகும் என்ற ஞானத்தில் பெரும் பகுதியை உலக வைத்திய சாஸ்திரம் பெற்றது என்பது நம்மில் பலரும் அறியாத விஷயம்.

நார்வே தேசத்தில் பிறந்த பல் வைத்திய அறிஞர் ஹரால்ட் லோவும் அவருடைய சகாக்களும், 1970 முதல் 15 ஆண்டுகள், வழக்கமான முறையில் பல் துலக்கும் பழக்கமே இல்லாத 480 தோட்டத் தொழிலாளரைப் பரிசோதித்து வந்தார்கள். சொத்தைப் பல் அநேகமாக எவருக்குமே இல்லை. ஆயினும் பல்லெங்கும் கிருமிப் படலமும் அது இறுகிய காரையும் படிந்து ஈறு அழன்றிருக்க, நூற்றுக்கு 8 பேருக்குப் பல்லின் பிடிப்பு அதிவேகமாக அழிந்தது. 81 பேருக்கு மிதமாக அழிந்தது. 11 பேருக்கு மட்டுமே நோய் ஈறோடு நின்றது. அந்த ஏழை உழைப்பாளிகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் சாமானியமானதன்று.

அதே 1970-ல் லோவும் அவருடைய சகா ஷியோட்டும் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினித் திரவத்தில் 10 மில்லியைக் காலையும் மாலையும் ஒரு நிமிஷம் கொப்பளித்தவர்களுக்கு, பல் துலக்குவதை நிறுத்திய பிறகும் படலம் படியவில்லை என்று தெரிந்தது. நேர் மின்னேற்றம் கொண்ட அம்மருந்து பல்லின் மேலும் வாயின் உட்சருமத்திலும் ஒட்டிக்கொண்டு, துப்பிய பின்னும் பல மணி நேரம் சிறிது சிறிதாகக் கசிந்து கிருமிகளை அடக்குகிறது.

ஆனால் ஆராய்ச்சியில் கலந்துகொண்டவர்களின் பற்கள் முதலிலேயே சுத்தம் செய்யப்பட்டிருந்தன என்பதைக் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே தடித்துப் படிந்த படலத்தை ஊடுருவும் சக்தி இம்மருந்துக்கு மிகக் குறைவு. இறுகிய காரையையோ அது கரைக்கவே கரைக்காது. ஆகவே பிரஷ்ஷின் ஸ்தானத்தை அதற்குக் கொடுப்பது பெரும் பிழை. ஈற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், தாடை முறிந்து கம்பி கட்டப்பட்டவர்கள், கை நடுக்கத்தால் துலக்க இயலாத முதியவர்கள் ஆகியோருக்கு அது பேருதவி. மற்றவர்கள் வாரக்கணக்கில் கொப்பளித்தால் ஈற்றோரமும் பல்லிடுக்கும் பழுப்பேறும். காபியும் தேநீரும் அந்தக் கறையை அதிகமாக்கும். நாக்கின் ருசியும் மாறும். பற்பசையின் நுரை மருந்தின் வீரியத்தைக் கெடுப்பதால், துலக்கி அரை மணி நேரமாவது கழித்தே கொப்பளிக்க வேண்டும்.

ஈற்றில் ரத்தம் கசிந்தால் மருந்துக் கடைக்குப் போகுமுன் பல் மருத்துவரிடம் போய்க் காரையை எடுத்துவிடுவதே உசிதம். எடுத்தால் பல் ஆடும் என்ற அச்சம் நம்மவரிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆட்டத்துக்குக் காரணம் அந்தச் சிகிச்சையன்று, காரைக்கடியில் பல நாளாக அரித்துப்போன எலும்பே.