பக்ஷிகளை எண்ணுவோர்

விடுமுறை நாளில் கழுத்தில் தொலைநோக்கியை மாட்டிக்கொண்டு பக்ஷிகளைப் பார்க்கப் புறப்படும் சிறு கூட்டத்தாரைக் கண்டு நகைப்பவர் நம்மிடையே பலர் உளர். வேலையற்றோரின் விளையாட்டு என்பது அவர்கள் எண்ணம். அவ்வெண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை அறியக் கோடியக்கரைவரை ஒருமுறை சென்று வந்தால் போதும்.

1930-ம் வருஷத்தில் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த வேதாரண்யத்துக்குத் தெற்கே, வங்கக் கடலும் பாக் ஜலசந்தியும் சந்திக்கும் முனையில் உள்ளது இவ்வூர். 1967-ல் இவ்விடம் சரணாலயமாயிற்று. மார்கழி, தை மாதங்களில் இங்கு வரும் குழுவினர், பொழுது புலருமுன்பே சதுப்பு நிலத்தின் ஓரத்தை அடைந்துவிடுகின்றனர். வெயில் ஏறினால் கானல் எழுந்து உருவங்களைக் கலைத்துவிடும். ஆழமற்ற நீரில் பூநாரைகள் அலகைத் தலைகீழாக அமிழ்த்தி இரை தேடுகின்றன. ஈரச் சேற்றில் உள்ளான்கள் ஓடித் திரிகின்றன. கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம்தான். எனினும், வடதுருவத்தை அடுத்த பனிநாட்டில் குஞ்சு பொரித்துவிட்டு, ஆயிரக்கணக்கான மைல் கடந்து அது இங்கு வந்து சேருகிறது.

வந்தவர்கள் கண்டு களிப்பதோடு நின்றுவிடுவதில்லை. இனம், தொகை, இடம், நேரம் யாவற்றையும் குறித்துக்கொள்கின்றனர். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நாடுகளில் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு பெரும்பாலும் இத்தகைய தொண்டர்களின் உழைப்பே. 20,000 நீர்ப்பறவைகளை வழக்கமாகத் தாங்கும் நிலம் உலக முக்கியத்துவம் உடையது என்பது 1971-ல் ஏற்பட்ட ராம்சார் உடன்படிக்கையின் அளவுகோல்களில் ஒன்று. எண்ணுவார் இல்லையேல் அதை நிரூபிப்பது எங்ஙனம்? கோடியக்கரை 2002-ல் அந்தப் பட்டியலில் இடம் பெற்றது.

ஒரு சேற்று நிலம் போனால் பக்ஷிகள் வேறிடம் தேடிக்கொள்ளும் என்பாரும் உண்டு. தென்கொரியாவில் சேமங்கும் என்னுமிடத்தில் 33 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்சுவர் எழுப்பி, 2006-ல் சேற்றுவெளியை அடைத்தார்கள். அங்கே பெருந்திரளாக வந்து தங்கிய ‘கிரேட் நாட்’ என்னும் உள்ளான் இனம், அதன்பின் அண்டைக் கரைகளில் அதற்கேற்பப் பெருகவில்லை. மொத்தத் தொகையே வீழ்ந்தது. இவ்வுண்மையை உலகுக்கு உணர்த்தியவர்கள் கரையில் நின்று எண்ணியவர்களே.

சதுப்பு நிலத்தைத் தரிசென்று தள்ளும் வழக்கம் நம் நாட்டிலும் ஒழிந்தபாடில்லை. பொதுக் காரியங்களில் பற்றுள்ள நமது வாலிபர்கள், தத்தம் ஊர் ஏரிக்கோ கழிமுகத்துக்கோ ஆண்டில் ஒரு நாளேனும் சென்று, கண்டதை எண்ணிக் குறித்து வைத்தல் அவசியம். கணக்கில் ஏறாத சொத்துக்குக் காவல் ஏது?